கட்சி வேண்டாம் என்றால் விதி கூடுதலாக வேண்டும், ரீச்சர்

வாசகர் கேள்விக்குச் சட்டத்தரணியின் பதில்

மட்டக்களப்பு மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆறு பக்கத்தில், சிவப்புப் பேனையால் திருத்தங்களும் போட்டு, ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சாரம் இதுதான். மார்கழி மழையில் அவருடைய ஒழுங்கையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிகானை யார் வெட்டுவது என்று கேட்டுப் போன இடமெல்லாம் 'நீங்கள் எந்தக் கட்சிக்குப் போட்டீர்கள்' என்ற கேள்விதான் முதலில் வந்ததாம். மனம் வெறுத்த நாலு வட்டாரத்து மக்கள் வாசிகசாலையில் கூடி ஓர் ஒன்றியம் அமைத்திருக்கிறார்கள். அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் எந்தக் கட்சியும் இல்லாமல், ஊரே தெரிவுசெய்த ஆட்களை நிறுத்த வேண்டும் என்பது தீர்மானம். ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணன் மகன், 'மாமி, இங்கே நகரசபைத் தேர்தலில் கட்சியே இல்லை, அங்கேயும் அப்படிச் செய்யுங்கோ' என்று சொல்லி உற்சாகம் கொடுத்திருக்கிறார்.

திட்டம் இப்படிப் போகிறது. வட்டாரத்துக்கு ஒருவரை வட்ஸ்அப் வாக்கெடுப்பில் தெரிவது. வெளிநாட்டில் உள்ள ஊரவரும் அதில் வாக்களிப்பது. தெரிவானவர்கள் அம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது. திகதி போடாத விலகல் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது. செலவைக் கனடாவில் உள்ள ஊர்ச்சங்கம் ஏற்பது. கோயில் நிர்வாகத்தில் சிலர், வண்ணக்கர் (கோயில் அறங்காவலர்) தெரிவு போலக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) ஓர் ஆள் எடுத்தால் சண்டை வராது என்கிறார்களாம். அந்த நாலு வட்டாரத்துக்குள் இரண்டு முஸ்லிம் ஒழுங்கைகளும், மெதடிஸ்த தேவாலயத்தைச் சுற்றிச் சில குடும்பங்களும் உண்டு. கடைசியாக ஒரு வரி: "பட்டியலின் அடியில் என் பெயரையும் போட்டு, குழுத் தலைவராகப் பேருக்கு ஒரு கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

அன்புள்ள ரீச்சர்,

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். உங்கள் ஊர் எடுத்த முடிவு நல்ல முடிவு. வடிகானுக்குக் கட்சி கிடையாது என்று நீங்கள் எழுதிய வசனத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஆனால் ஒன்றியத்தில் எல்லோரும் ஒரு விடயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். கட்சி இல்லை என்றால் விதியும் தேவையில்லை, ஊர் ஒற்றுமை போதும் என்று நினைக்கிறீர்கள். கட்சிக்கு யாப்பு இருக்கிறது, செயலாளர் இருக்கிறார், பிரச்சினை வந்தால் விசாரிக்க ஒரு குழு இருக்கிறது. உங்களிடம் நம்பிக்கை மட்டுமே இருக்கிறது. அதனால் கட்சிக்காரரைவிட உங்களுக்குத்தான் எழுத்தில் கூடுதலான விதி தேவை. அந்த விதிகளும் போட்டியிடுபவரின் பெயர் ஒன்றாவது வெளியே வருமுன் எழுதி முடிந்திருக்க வேண்டும். பெயர் வந்த பிறகு எழுதும் விதியை ஊர் ஓர் ஆளுக்காக எழுதிய விதியாகத்தான் பார்க்கும்.

கனடாவில் கட்சி இல்லாதது எப்படி

மருமகன் சொன்னது உண்மை. ஒன்ராறியோ மாகாணத்தில் நகரசபைத் தேர்தல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் மட்டும்தான் இருக்கும். கட்சியின் பெயரோ சின்னமோ இராது. மேயரையும் மக்களே நேரடியாகத் தெரிகிறார்கள். ஒவ்வொருவரும் தனி ஆளாக மனுப் போடலாம். தேர்தலை நகரசபையின் கிளார்க் என்ற மூத்த அதிகாரி நடத்துகிறார். கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கக்கூடாது. நகரசபை உறுப்பினர் பதவிக்கு நிற்கும் ஒரு வேட்பாளருக்கு ஒருவர் கொடுக்கக்கூடியது 1,200 கனேடிய டொலர் வரைதான். அமெரிக்காவிலும் பெரும்பாலான நகரசபைத் தேர்தல்களில் கட்சி அடையாளம் இல்லை. கலிபோர்னியாவில் உள்ளூர்ப் பதவி எதற்கும் கட்சி அடையாளம் இல்லை என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

அங்கே இது நடப்பது சனங்கள் நல்லவர்கள் என்பதால் மட்டும் அல்ல, சட்டம் அப்படி அமைந்திருப்பதால். அப்புறம், அங்கேயும் இதற்கு ஒரு விலை உண்டு. கட்சிச் சின்னத்தை எடுத்துவிட்டால் வாக்காளர் வேறு ஓர் அடையாளத்தைத் தேடுவார். பழகிய பெயர், ஏற்கெனவே பதவியில் இருப்பவர், தன் இனத்தவர் என்று கை தானாகப் போகும். ரொறொன்ரோவில் அது பழகிய பெயராக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அந்த இடத்தைக் குடியும் சமயமும் பிடித்துக்கொள்ளும். குடிக்கு ஓர் ஆள் என்ற யோசனை உங்கள் ஒன்றியத்தில் வந்தது தற்செயல் அல்ல.

அந்த யோசனையை இந்த இடத்திலேயே முடித்துவிடுகிறேன். வண்ணக்கர் முறை கோயிலுக்கு உரியது, அதற்கு அங்கே ஒரு மரியாதையும் வரலாறும் உண்டு. வடிகானுக்கு அதைக் கொண்டுவந்தால் அந்த முஸ்லிம் ஒழுங்கைகள் கோயிலின் எந்தக் குடி? தேவாலயத்தடிக் குடும்பங்கள் எந்தக் குடி? கல்யாணம் முடித்து வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்? முதல் கூட்டத்திலேயே அவர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அதற்குப் 'பொது' என்று பெயர் வைக்க முடியாது.

இங்கே தனியாக நிற்க முடியாது

'நாலு வட்டாரத்தில் நாலு பேரை நிறுத்தினால் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். இது முதல் தவறான எண்ணம், பெரும்பாலானோருக்கு இருக்கும் எண்ணமும் கூட. பழைய கிராமசபைக் காலத்தில் ஒரு வட்டாரத்தில் ஓர் ஆள் தனியாக நின்று வென்றதை உங்கள் அப்பா சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழுபதுகளின் இறுதியில், கட்சி பெறும் வாக்குக்கேற்ப ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை வந்ததோடு அது போய்விட்டது. இன்று உள்ளூராட்சி மன்றத் தேர்தலில் மனுத் தாக்கல் செய்யக்கூடியவை இரண்டே: அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சி, அல்லது சுயேச்சைக் குழு. குழு என்றால் சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் வேட்பாளர், அதற்கு மேல், விகிதாசாரப்படி சேரும் ஆசனங்களுக்கான மேலதிகப் பட்டியலுக்கும் ஆட்கள். ஓர் ஆள் குறைந்தாலும் மனு நிராகரிக்கப்படும். ஆகவே உங்கள் நாலு வட்டாரம் போதாது. மற்ற வட்டாரங்களில் போய்ப் பேசி, அங்கேயும் இதே விருப்பம் உள்ளவர்களைச் சேர்க்க வேண்டும். வேலை கூடுதல்தான். ஆனால் ஒரு பகுதியின் கோபமாகத் தொடங்கியதை முழு நகரத்தின் கோரிக்கையாக மாற்ற இது உங்களைக் கட்டாயப்படுத்தும் என்றும் பார்க்கலாம்.

செலவும் வித்தியாசம். கடந்த தேர்தலில், மனுவோடு கட்ட வேண்டிய கட்டுப்பணம் (வைப்புத் தொகை) கட்சி வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபா, சுயேச்சைக் குழு வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா. இருபது பேர் தேவைப்படும் சபை என்று வைத்தால் கட்சிக்கு 30,000, உங்களுக்கு ஒரு இலட்சம்.

வாக்குச்சீட்டில் உங்கள் ஒன்றியத்தின் பெயர் வராது. 'சுயேச்சைக் குழு 2' என்பது போல ஓர் இலக்கமும், தேர்தல் ஆணைக்குழு வைத்திருக்கும் சின்னங்களில் ஒன்றும்தான் வரும். வட்டார வேட்பாளரின் பெயரும் சீட்டில் இல்லை. சனங்கள் புள்ளடி போடுவது சின்னத்துக்கு. 'ஆளைப் பார்த்துப் போடுங்கள்' என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுக் கடைசிச் சில கிழமைகளில் ஒரு சின்னத்தை மனதில் பதிய வைக்க வேண்டும். இது முடியாத காரியமல்ல. 2018இல் சாய்ந்தமருதில் பள்ளிவாசல் முன்னின்று நிறுத்திய சுயேச்சைக் குழு தோடம்பழச் சின்னத்தில் அங்குள்ள வட்டாரங்களை வென்று கல்முனை மாநகர சபைக்குள் பலமாக நுழைந்தது. ஆனால் அவர்களுக்குத் தனிச் சபை என்ற ஒரே கோரிக்கை இருந்தது, ஊர் முழுக்க அதற்குள் அடங்கியது. உங்களுக்கு வடிகான், குப்பை, தெருவிளக்கு, மீன் சந்தை என்று ஒழுங்கைக்கு ஒரு கவலை. அதனால் சின்னத்தை மட்டும் நம்பாமல் ஆட்களைத் தெரியும் முறையில் நீங்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

இன்னொன்று: சபையின் தவிசாளரையோ மாநகர முதல்வரையோ மக்கள் நேரே தெரிவதில்லை. ஒரு கட்சியோ குழுவோ ஐம்பது வீதம் அல்லது அதற்கு மேல் ஆசனம் பெற்றால் அவர்களே பெயரைக் குறிப்பிடுவார்கள். இல்லையென்றால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். உங்கள் ஆட்கள் மூன்று பேர் மட்டும் வென்றால் அன்றைக்கு யாருக்குக் கை உயர்த்துவார்கள்? கட்சிகள் அவர்களைத் தேடி வரும். அன்றைய முடிவை யார், எப்படி எடுப்பது என்பதும் இப்போதே எழுத வேண்டிய விதி.

'பேருக்கு ஒரு கையெழுத்து' அல்ல

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்சியில் செயலாளருக்கு இருக்கும் இடம் சுயேச்சைக் குழுவில் குழுத் தலைவருக்கு. மனுக்களை ஏற்கும் தெரிவத்தாட்சி அலுவலர் பார்ப்பது அவருடைய கையெழுத்தை. வாசிகசாலைத் தீர்மானப் புத்தகத்தை அல்ல. வட்டாரத்தில் வென்றவர்கள் போக, விகிதாசாரப்படி குழுவுக்குச் சேரும் ஆசனங்களுக்கு யாரை அனுப்புவது என்று பெயர் கொடுப்பவர் குழுத் தலைவர். இடையில் ஓர் ஆசனம் வெறிதானால் அடுத்தவரின் பெயரைக் கொடுப்பவரும் அவர். பெரும்பான்மை கிடைத்தால் தவிசாளரின் பெயரும் அவர் கையிலிருந்துதான் போகும். வட்டாரத்தில் தோற்ற வேட்பாளரைக் கூட அவர் அந்த ஆசனத்துக்கு அனுப்பலாம்.

விளங்குகிறதா ரீச்சர்? உங்களைக் கேட்பது பேருக்குத்தான் என்று அவர்கள் உண்மையாகவே நம்பலாம். ஆனால் முடிவு வந்த அடுத்த நாள் காலையில் உங்கள் வாசலில் ஆறு பேர் நிற்பார்கள், ஆறு பேரும் நீங்கள் படிப்பித்த பிள்ளைகளாக இருப்பார்கள், கொடுக்க இருப்பது இரண்டு ஆசனம். அன்றைக்கு 'ஒன்றியம் சொன்னபடி செய்தேன்' என்று காட்ட உங்களிடம் ஒரு தாள் இருக்க வேண்டும். பட்டியல் ஆசனம் எந்த வரிசையில் போகும், பதவிக்காலத்தைப் பங்கு போடுவதா இல்லையா, வெறிதான இடத்துக்கு யார், தவிசாளர் வாக்கெடுப்பில் என்ன நிலைப்பாடு என்பவை அதில் இருக்க வேண்டும். வேட்பாளர் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். சட்டத்தின் முன் அந்தத் தாளுக்குப் பெரிய பலம் இருக்கும் என்று உங்களை நம்ப வைக்க மாட்டேன். தெரிவத்தாட்சி அலுவலர் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். ஊருக்கு முன் உங்கள் மானத்தைக் காப்பது அந்தத் தாள்தான். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊர்த் தெரிவுக்கு எழுத வேண்டியவை

வட்ஸ்அப் வாக்கெடுப்பை விட்டுவிடுங்கள். ஒரு ஆள் மூன்று சிம்மில் மூன்று வாக்குப் போடலாம் என்பது ஒரு காரணம். யார் யாருக்குப் போட்டார் என்று குழுவில் எல்லோரும் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். மச்சானும் மச்சானும் போட்டியிடும் ஊரில் இரகசியம் இல்லாத வாக்கு வாக்கே அல்ல. பெட்டி வையுங்கள். என் அப்பாவும் ஆசிரியர். தேர்தல் கடமைக்குப் போய்வந்த நாளில், வெறும் பெட்டியைத் திறந்து முகவர்களுக்குக் காட்டிவிட்டுச் சீல் வைப்பதை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். நீங்களும் எத்தனை தேர்தலில் கடமை செய்திருப்பீர்கள். அந்த நடைமுறை ஊருக்கே மனப்பாடம். அதை அப்படியே எடுங்கள்.

வாக்களிப்பவர் அந்த வட்டாரத்து வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவராக இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஆலோசனை சொல்லலாம், வாக்குப் போட வேண்டாம். மழைத் தண்ணீர் அவர்கள் வாசலில் நிற்பதில்லை. பெயர்ப்பட்டியலை வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே மூடி, வாசிகசாலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு சங்கத்தின் நிர்வாகத் தெரிவுக்குப் பார்வையாளராகப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்தில் புதிய அங்கத்தவர்களுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். மாலையில் நாற்காலிகள் உடைந்தன. அந்தச் சங்கம் இன்று இல்லை.

நடத்துவதற்கு மூன்று பேர் போதும். அவர்களோ நெருங்கிய உறவினரோ போட்டியிடக்கூடாது. மூவரில் ஒருவர் முஸ்லிம் ஒழுங்கைகளிலிருந்து வரட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அரசாங்கப் பாடசாலை மண்டபத்தைக் கேட்காதீர்கள், வீணான வில்லங்கம். வாசிகசாலையே நல்ல இடம். கோயில் மண்டபமும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

பெயர்களின் வரிசையை அகர வரிசையில் போடாமல் குலுக்கிப் போடுங்கள். முதலில் இருக்கும் பெயருக்குச் சில வாக்கு சும்மா விழும். கலிபோர்னியாவில் இதற்காக எழுத்துகளையே குலுக்கி எடுத்து ஒரு புதிய அகர வரிசை அமைக்கிறார்கள்.

எண்ணும் முறையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நிறைய ஊர்கள் உடைவது இந்த இடத்தில்தான். ஒரு வட்டாரத்தில் நாலு பேர் போட்டியிட்டு 90, 85, 80, 60 என்று வாக்குப் பெற்றால் 90 பெற்றவர் வென்றவர். ஆனால் வாக்களித்த 315 பேரில் 225 பேர் அவரைக் கேட்கவில்லை. மற்ற மூவரின் ஆட்களும் சேர்ந்து வாய் முணுமுணுக்கத் தொடங்குவார்கள், அதில் ஒருவரைக் கட்சி ஒன்று கூப்பிட்டு மாலை போடும். ஆகவே 1, 2, 3 என்று விருப்பத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். எவருக்கும் அரைவாசிக்கு மேல் இல்லையென்றால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களின் சீட்டில் இருக்கும் அடுத்த விருப்பத்தை எண்ணுங்கள். சனங்களுக்கு இது புதிது அல்ல. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாட்டிலேயே முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணப்பட்டதை எல்லோரும் தொலைக்காட்சியில் விடிய விடியப் பார்த்தோம்.

பெண்கள் விடயத்தில் சட்டமே உங்களைப் பிடித்துக்கொள்ளும். சபையின் மொத்த உறுப்பினரில் 25 வீதம் பெண்களாக இருக்க வேண்டும். அதற்காக வட்டார வேட்பாளரில் பத்திலொரு பங்கும் மேலதிகப் பட்டியலில் அரைவாசியும் பெண்களாக இருப்பது கட்டாயம். வழக்கமாக நடப்பது என்ன? ஆண்கள் வட்டாரத்துக்குப் போட்டி போட்டு முடித்துவிட்டு, கடைசி இரவில் யாருடைய மனைவி, யாருடைய தங்கை என்று பெயர் தேடுவது. உங்கள் மாதர் சங்கத்தில் இருபது வருடம் கணக்குப் புத்தகம் எழுதியவர்கள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மேலதிகப் பட்டியலுக்கும் அதே நாளில், அதே பெட்டியில் வாக்கெடுப்பு வையுங்கள். அப்படிச் செய்தால் பட்டியலின் வரிசையையும் ஊரே எழுதிவிடும், உங்கள் தலையில் இருக்கும் பாரமும் பாதி இறங்கும்.

இளைஞர் ஒதுக்கீட்டையும் கவனியுங்கள். 2025இல் இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியாக உறுதிப்படுத்தப்படவில்லை என்பது போன்ற காரணங்களால் நாடு முழுவதும் பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. சிலர் நீதிமன்றப் படி ஏறித்தான் மீண்டார்கள். பிறப்புச் சான்றிதழ்களை ஒரு வருடம் முன்பே எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

கட்சி உறுப்புரிமை பற்றி ஒரு சொல். கடந்த ஒரு வருடத்தில் கட்சிப் பதவி வகித்தவர் நிற்கக்கூடாது என்று விதி போடலாம். அதற்கு மேல் தோண்டாதீர்கள். யார் எந்தக் காலத்தில் யாரோடு நின்றார் என்று எங்கள் மண்ணில் கேட்கத் தொடங்கினால் ஆறாத காயங்கள் திறக்கும். சபையோடு கொந்தராத்து உண்டா, சபைக்கு வரி நிலுவை உண்டா என்று கேளுங்கள். ஒரு வடிகானுக்கு அவ்வளவு போதும்.

கற்பூரமும் திகதியில்லாத கடிதமும்

வேட்பாளர் தன் மனச்சாட்சிக்காக அம்மனுக்கு முன் நின்று கும்பிடுவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதை ஒரு பொதுச் சடங்காக்கினால், முஸ்லிம் வேட்பாளரும் கிறிஸ்தவ வேட்பாளரும் அங்கே என்ன செய்வார்கள்? இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வேட்பாளரிடம் தொடங்கிய சத்தியம் வாக்காளரிடமும் போகும். 'கோயிலில் முடிவெடுத்தது, மீறினால் அம்மன் கேட்பா' என்று யாராவது வீட்டுக்கு வீடு சொன்னால், தெய்வதண்டனை காட்டி வாக்கை வாங்குவது தகாத செல்வாக்கு என்ற தேர்தல் குற்றத்துக்குள் வந்துவிடும். பிரசாரக் கூட்டத்தில் சோறு போடுவதிலும் இதே கவனம் வேண்டும். வாக்குக்காக விருந்து கொடுப்பதும் குற்றம்.

திகதி போடாத விலகல் கடிதம் வேண்டவே வேண்டாம். 1982இல் அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தன் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இப்படித்தான் கடிதம் வாங்கி வைத்திருந்தார். அதைச் செய்த கட்சியைப் பற்றி நீங்கள் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்? அந்தக் கடிதக் கட்டு உங்கள் அலுமாரியில் இருந்தால், உறுப்பினரின் எசமான் ஊர் அல்ல, அலுமாரிச் சாவி வைத்திருப்பவர். மிரட்டலுக்கும் வழக்குக்கும் அது வாசலைத் திறக்கும். அதற்குப் பதிலாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசிகசாலையில் வந்து கணக்குச் சொல்வேன் என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்குங்கள். வராதவரின் நாற்காலியை வெறுமையாகப் போட்டுக் கூட்டத்தை நடத்துங்கள். எங்கள் ஊர்களில் வெறும் நாற்காலியைப் போல உறைக்கும் தண்டனை வேறு இல்லை.

பணம்

கனடா ஊர்ச்சங்கத்தின் பணத்தைத் தேர்தலுக்கு வாங்கக்கூடாது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு, வெளிநாட்டில் பதிவான நிறுவனம், யாரென்று தெரியாத ஆள் ஆகியோரிடமிருந்து நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. மருமகனுக்கு விளங்கும்படி ஒன்று சொல்லுங்கள்: ஒன்ராறியோவில் வசிக்காத ஒருவர் ரொறொன்ரோ நகரசபை வேட்பாளருக்குப் பணம் கொடுக்க அங்குள்ள சட்டமும் விடாது. அவர்களுடைய அன்பு பெரியது, அதை வாசிகசாலைக்கும் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள், தேர்தல் கணக்கோடு கலக்க வேண்டாம்.

வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு ரூபா என்று ஆணைக்குழு செலவுக்கு உச்ச எல்லை வைக்கும். முடிவு வெளியாகி 21 நாளுக்குள், வென்றவர் தோற்றவர் எல்லோரும் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். தோற்றவர்கள் இதை மறந்துவிடுவார்கள். மறந்தால் அது குற்றம். பொருளாளராக மாதர் சங்கக் கணக்கு எழுதியவரையே போடுங்கள். ஆயிரம் வீட்டில் நூறு ரூபா சேர்த்தால் ஒரு இலட்சம், உங்கள் கட்டுப்பணம் சரி. நூறு ரூபா கொடுத்த வீடு கேள்வியும் கேட்கும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு 'இது எங்களால் முடியுமா' என்று நீங்கள் நினைத்தால் அதுவும் நியாயம்தான். போட்டியிடாமலே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. எல்லாக் கட்சி வேட்பாளரையும் ஒரே மேடைக்கு அழைத்து, வடிகான் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதிச் சுவரில் ஒட்டலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்த ஒழுங்கைக்கு எவ்வளவு செலவானது என்று சபையிடம் இன்றைக்கே எழுத்தில் கேட்கலாம். இதற்குத் தேர்தலும் தேவையில்லை, கட்டுப்பணமும் தேவையில்லை. என்னைக் கேட்டால் இந்த விண்ணப்பத்தைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கையில் கணக்கு இருக்கும் ஒன்றியத்தின் பேச்சுக்கு மற்ற வட்டாரங்களிலும் காது கிடைக்கும்.

மறுபக்கம், சிறிய குழு சபைக்குள் போனாலும் வீண் அல்ல. வரவு செலவுத் திட்டம் இரண்டாவது தடவையும் தோற்றால் சபைத் தலைவர் பதவியை இழக்கவும் நேரலாம். தனிப் பெரும்பான்மை இல்லாத சபையில் மூன்று சுயேச்சை உறுப்பினரின் கைக்கு இருக்கும் பெறுமதி அந்த நாளில் தெரியும்.

காலமும் இருக்கிறது. 2025 மே 6இல் தெரிவான சபைகளுக்குப் பதவிக்காலம் நாலு வருடம். திகதியை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லை என்று தள்ளிப்போய், மனுப் போட்டவர்கள் இரண்டு வருடம் இரண்டுங்கெட்டான் நிலையில் நின்றார்கள். அவர்களில் அரசாங்க உத்தியோகத்தர் பட்ட பாடு தனிக்கதை. உங்கள் பட்டியலில் அரச ஊழியர் இருந்தால் அவர் தன் திணைக்கள விதிகளை முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது சிவப்புப் பேனையையும் ஒரு வெள்ளைத் தாளையும் கொண்டு போங்கள். யார் வேட்பாளர் என்ற பேச்சு எழுந்தால், தாள் நிரம்பும் வரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சொல்லைத் தட்ட அந்த வாசிகசாலையில் ஆள் இருக்காது என்று நினைக்கிறேன். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள். குழுத் தலைவர் பற்றிய பகுதியை ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தருகிறேன். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சட்டத்தரணி